பிரேக் கம்பெனியோடது, கேஸ் டிரைவர் மேலே!

துறைமுக ரோட்டில் புதுப் பையன்கள் படும் பாடு

தூத்துக்குடி–

புது வண்டி பழைய டிரைவருக்கு; பழைய வண்டி புது டிரைவருக்கு. துறைமுகத்தை நம்பி ஓடும் லாரித் தொழிலில் இது எழுதாத சட்டம்.

ஹெவி லைசென்சு வாங்கி நேற்று வந்த பையனிடம், கடன் வாங்கி எடுத்த புது டிரெய்லரை எந்த முதலாளியும் தூக்கிக் கொடுக்க மாட்டார். இதில் நியாயம் இருப்பது போலத்தான் தெரியும். ஆனால் இந்தக் கணக்கில் பெரிய ஓட்டை இருக்கிறது.

கோளாறு உள்ள வண்டியைச் சமாளிக்க அனுபவம் வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவன் கைக்குத்தான் கோளாறு வண்டி போகிறது!

அது எங்காவது பொட்டல்காட்டில் ஓடினால் பரவாயில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளில் போகிற, ஆபீஸ் குமாஸ்தா ஸ்கூட்டரில் போகிற, கடைக்காரர் சரக்கு இறக்குகிற அதே ரோட்டில்தான் ஓடுகிறது. ஆகவே இது டிரைவர் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. ஊர்ப் பிரச்சினை.

4 கோடி டன் சரக்கு

1974-ம் ஆண்டு ஜூலை 11-ந்தேதி தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. இப்போது ஆண்டுக்கு 4 கோடி டன்னுக்கு மேல் சரக்கு ஏறி இறங்குகிறது. 20 அடிப் பெட்டியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 7 லட்சம் கண்டெய்னருக்கு மேல். 2024 செப்டம்பரில் புதிதாக ஒரு கண்டெய்னர் முனையமும் திறக்கப்பட்டது.

அனல் மின்நிலையத்துக்கு கன்வேயரில் போகும் நிலக்கரி, ரெயிலில் போகும் சரக்கு, இவை தவிர மிச்சமெல்லாம் லாரிதான். உரம், மரத்தடி, உப்பு, காற்றாலை இறக்கை, எதுவானாலும் மதுரை ரோட்டிலோ நெல்லை ரோட்டிலோ போயாக வேண்டும்.

சரக்கு கூடினால் லாரி கூட வேண்டும். லாரி கூடினால் டிரைவர் கூட வேண்டும். லைட் வண்டி லைசென்சு எடுத்து ஓராண்டு ஆனவன் சரக்கு வண்டிக்கு எல்.எல்.ஆர். போடலாம். 20 வயது நிரம்பினால் லாரி ஓட்டலாம். சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது.

லைசென்சு தேர்வில் வண்டி ஓட்டத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். முதுகுக்குப் பின்னால் 30 டன் கண்டெய்னர் தள்ளும்போது பிரேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வது? அதைப் பையன் ரோட்டில்தான் படிக்கிறான்.

உப்புக் காத்தும் ஏர் பிரேக்கும்

உள்ளூர் லாரிகளுக்கு இல்லாத எதிரி ஒன்று கடற்கரை லாரிகளுக்கு உண்டு. அதுதான் உப்பு. கடல் காத்தும், உப்பு லோடில் இருந்து கசியும் தண்ணீரும் சேஸிசை அரிக்கும். பிரேக் குழாய், குழாய் மூட்டு, டிரெய்லர் லைட்டுக்குப் போகும் வயர் முனை என்று எல்லாவற்றிலும் துரு ஏறும். வெளியே பெயிண்டு பளபளக்கும். அடியில் குனிந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

பெரிய லாரியில் பிரேக்கை அழுத்துவது டிரைவரின் கால் அல்ல; காற்று. கம்பிரசர் காற்றைப் பிடித்து டேங்கில் அடைக்கிறது. பெடலை மிதித்தால் வால்வு திறந்து, அந்தக் காற்று போய் சக்கரத்தில் லைனிங்கை டிரம்மோடு அழுத்துகிறது. குழாயில் கசிவு இருந்தால் காற்று குறையும். லைனிங் தேய்ந்து, அதைச் சரிக்கட்டும் அட்ஜஸ்டரையும் யாரும் கவனிக்காமல் விட்டால், காற்று முழுசாக இருந்தும் பிரேக் பாதிதான் பிடிக்கும். டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து விடாவிட்டால் உள்ளேயும் துருதான்.

இதில் இன்னொரு ஆபத்து. தூத்துக்குடியைச் சுற்றி ரோடு எல்லாம் சமதளம். அரைகுறை பிரேக்கை வைத்துக்கொண்டே மாசக்கணக்கில் ஓட்டிவிடலாம். கேரளா லோடு கிடைத்து, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் இறங்கும்போதுதான் சாயம் வெளுக்கும்.

பழைய டிரைவர் சின்ன கியரில் போட்டு எஞ்சின் பிடியில் வண்டியை இறக்குவார். புதுப் பையன் பயத்தில் பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதிப்பான். மிதிக்க மிதிக்கக் காற்று குறையும். டிரம் கொதிக்கும். பிடி விட்டுப்போகும்.

கண்டெய்னரை டிரெய்லரோடு பூட்டும் நாலு மூலை லாக்கும் இப்படித்தான். துரு ஏறி இரண்டு லாக் திரும்பவில்லை. மிச்ச இரண்டு போதும் என்று கிளம்பினால், வளைவில் பெட்டி சாயும். பக்கத்தில் ஆட்டோ நிற்கிறதா, பஸ் நிற்கிறதா என்று பெட்டி பார்க்காது.

"இந்த ஒரு நடை போயிட்டு வாடே!"

விடியற்காலையில் ஒரு பையன் வண்டியை எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். "அண்ணாச்சி, ஏர் நிக்க மாட்டேங்கு" என்கிறான். "கப்பல் வந்து நிக்கு. இந்த ஒரு நடை போயிட்டு வாடே, வந்ததும் பட்டறையில விட்டுரலாம்" என்று பதில் வருகிறது. அந்த ஒரு நடை ஒன்பது நடை ஆகிவிடும்.

முதலாளி கெட்டவர் என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடாது. ஒன்றிரண்டு வண்டி வைத்துப் பிழைக்கும் சின்ன முதலாளிகள் இந்தத் தொழிலில் ஏராளம். வண்டி ஓடினாலும் நின்றாலும் மாசத் தவணை கட்டியாக வேண்டும். டீசல், டோல்கேட், டயர், இன்சூரன்ஸ் என்று செலவு வரிசையாக நிற்கும். வண்டி இரண்டு நாள் பட்டறையில் கிடந்தால் லோடு அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

டிரைவருக்கும் அதே கதை. நடைக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவனுக்கு நடை போனால்தான் படி. வண்டி பட்டறையில் நின்றால் படி கிடையாது. ஆகவே கோளாறைச் சொன்னால் முதல் நஷ்டம் சொன்னவனுக்கே! இரண்டு தடவை சொல்லிப் பார்ப்பான். மூன்றாவது தடவை வாயை மூடிக்கொண்டு சாவியை எடுப்பான்.

நின்றால் இருவருக்கும் நஷ்டம். ஓடினால் இருவருக்கும் காசு. பிரேக்கைக் கெடுப்பது இந்தக் கணக்குதான். துரு இரண்டாவது காரணம்.

எஃப்.சி. இருந்தால் போதுமா?

"எஃப்.சி. காட்டின வண்டிதானே?" என்று கேட்பார்கள். தகுதிச் சான்று இல்லாத லாரி, பதிவே இல்லாத லாரிக்குச் சமம் என்பது சட்டம். 8 ஆண்டு ஆகும் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேல் ஆண்டுக்கு ஒரு முறையும் சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆண்டுக்கு 365 நாள். பிரேக் இன்ஸ்பெக்டர் பார்ப்பது ஒரு நாள். லாரி டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்று விதி இருக்கிறது. எஃப்.சி.க்காக மாட்டிய டயரை மறுநாள் கழற்றி மொட்டை டயரைத் திரும்ப மாட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? மிச்சம் 364 நாளும் வண்டியைப் பார்க்க வேண்டியது செட்டில் இருப்பவர்கள்தான்.

கேஸ் யார் மேல்?

2022-ம் ஆண்டில் நாட்டிலேயே அதிக சாலை விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு. மொத்தம் 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884 பேர். எல்லாம் லாரி விபத்து அல்ல. ஆனால் லாரி மோதி ஒருவர் இறந்தால் போலீஸ் நிலையத்தில் முதலில் பதிவாகும் பெயர் டிரைவர் பெயர்.

2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவின்படி, அஜாக்கிரதையால் உயிர்ப்பலி ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை ஜெயில். பழைய சட்டத்தில் 304-ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது. விபத்தைச் சொல்லாமல் ஓடிப்போனால் 10 ஆண்டு வரை என்ற உட்பிரிவை எதிர்த்து, 2024 ஜனவரி தொடக்கத்தில் பல மாநிலங்களில் லாரி டிரைவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சட்டம் அமலுக்கு வந்தபோது அந்த உட்பிரிவு மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டது.

சரி, வண்டியைக் கோளாறோடு அனுப்பியவருக்கு என்ன?

மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவு இருக்கிறது. கோளாறு வண்டியை ஓட்டுகிறவர் மட்டும் அல்ல, ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட விடுகிறவரும் குற்றவாளி என்கிறது அது. கோளாறு தெரிந்திருந்தாலும் குற்றம். சாதாரணமாகக் கவனித்தாலே தெரிந்திருக்கும் என்றாலும் குற்றம். அபராதம் 1,500 ரூபாய் வரை. அந்தக் கோளாறால் ஆளுக்குக் காயமோ சொத்துக்குச் சேதமோ வந்தால் 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரு பக்கம் 5 ஆண்டு. மறுபக்கம் 3 மாதம். வித்தியாசத்தைப் பாருங்கள்!

இதில் டிரைவருக்கும் ஒரு எச்சரிக்கை உண்டு. "முதலாளி சொன்னார், ஓட்டினேன்" என்று தப்பிக்க முடியாது. ஓட்டியவரும் அதே பிரிவில்தான் வருகிறார்.

விபத்துக்குப் பிறகு பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைச் சோதித்து அறிக்கை கொடுப்பார். இயந்திரக் கோளாறால் நடந்ததா, இல்லையா என்று ஒரு வரி அதில் வரும். புது டிரைவரின் தலையெழுத்தே அந்த ஒரு வரியில் இருக்கிறது. "முந்தின நாளே சொன்னேன் சார்" என்று வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? கையில் காகிதம் வேண்டும்.

இங்கிலாந்தில் நடந்த வழக்கு

டிரைவரோடு நிற்காமல் வண்டியையும் செட்டையும் சேர்த்து விசாரித்தால் என்ன ஆகும்? அதற்கு இங்கிலாந்தில் ஒரு வழக்கு சாட்சி.

2015 பிப்ரவரி 9-ந்தேதி, பாத் என்ற நகரில் செங்குத்தான இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் ஒரு டிப்பர் லாரி பாய்ந்து ஓடியது. 4 வயதுச் சிறுமியும், காரில் இருந்த 3 பேரும் பலியானார்கள். லாரி ஓட்டியவருக்கு வயது 19. லாரி லைசென்சு எடுத்துச் சில நாட்களே ஆகியிருந்தன.

கோர்ட்டில் டிரைவர் மட்டும் நிற்கவில்லை. கம்பெனி முதலாளியும் மெக்கானிக்கும் கூண்டில் ஏறினார்கள். பிரேக்குகள் ஒழுங்காகப் பராமரிக்கப்படாதது அம்பலமானது. டிரைவர் விடுதலை செய்யப்பட்டார். 2017 ஜனவரியில் முதலாளிக்கு ஏழரை ஆண்டும், மெக்கானிக்குக்கு 5 ஆண்டு 3 மாதமும் ஜெயில் தண்டனை விதிக்கப்பட்டது.

அமெரிக்காவில் 1982-ல் வந்த சட்டம் ஒன்று, ஆபத்தான வண்டியை ஓட்ட மறுக்கும் டிரைவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கிறது. அதற்காக வேலையை விட்டு நீக்கினால் 180 நாளுக்குள் அரசிடம் புகார் கொடுக்கலாம்.

இங்கே என்ன செய்யலாம்?

புதுச் சட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருப்பதை வைத்தே நாலு காரியம் செய்யலாம்.

ஒன்று: வண்டி எடுக்கும் முன் பத்து நிமிஷம். ஏர் டேங்கில் தண்ணீரைத் திறந்து விட வேண்டும். காற்று ஏறியதும் எஞ்சினை நிறுத்தி, மீட்டர் முள் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். டயர், வீல் நட்டு, பின் லைட், நாலு லாக், எல்லாம் ஒரு சுற்று. பிறகு செட்டுக்குள்ளேயே பத்தடி உருட்டிப் பிரேக் போட்டுப் பார்க்க வேண்டும்.

இரண்டு: கோளாறு இருந்தால் எழுதிக் கொடுப்பது. நோட்டு இல்லையா? செல்போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் தேதியும் மணியும் தானாக நிற்கும். அது முதலாளியோடு சண்டை அல்ல. நாளைக்கு இரண்டு பேருக்கும் கணக்கு.

மூன்று: பட்டறை நாளுக்கும் படி. இதுதான் முக்கியம். வண்டி நின்றாலும் சாப்பாட்டுக்கு வழி உண்டு என்று தெரிந்தால்தான் பையன் வாயைத் திறப்பான். மறைத்த கோளாறு பின்னால் வைக்கும் செலவோடு பார்த்தால் அந்தப் படி முதலாளிக்குப் பெரிய பணம் அல்ல.

நான்கு: விபத்து வழக்கில் 190-வது பிரிவை வண்டியை அனுப்பியவர் பக்கமும் திருப்பிப் பார்ப்பது. இது போலீசார் கையில் இருக்கிறது.

இந்தக் கடற்கரைக்கு இது புதுப் பாடம் அல்ல. 1961-ல் கடைசியாக இங்கே முத்துக் குளித்தபோது, கடலுக்குள் இறங்கியவன் உயிர் மேலே படகில் கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. இன்று சங்கு குளிப்பவர்கள் கம்பிரசர் காற்றைக் குழாயில் வாங்கித்தான் இறங்குகிறார்கள். குழாயில் ஓட்டை என்று தெரிந்த பிறகு, "இந்த ஒரு தடவை இறங்கிட்டு வா" என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

லாரிக்கும் அதே காற்றுதான். அடுத்த விபத்தில் டிரைவர் பெயரை எழுதிக்கொள்ளும் போலீசார், வண்டி கடைசியாகப் பட்டறைக்குப் போனது என்றைக்கு என்று முதலாளியிடமும் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி வரும் என்று தெரிந்தாலே, பல வண்டிகள் தாமாகப் பட்டறைக்குப் போகும்.