தம்போய்க்கு எத்தனை பைட்?



நம் தம்போய் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளில் பயின்று, இன்று சி மொழி கற்கும் பழைய மாணவர்களுக்கு முதற்பயிற்சியாகத் தமிழ்ச் சொற்பட்டியலையே கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்கிலச் சொற்களை மட்டும் இட்டுப் பழகியவன், பிழையான நிரல் தற்செயலாக ஓடுவதைச் சரியென்று நம்பிவிடுகிறான். தமிழை இட்டதும் நிரல் குலைகிறது. உடனே, "தமிழ் கணினிக்கு ஒத்துவராது" என்ற தீர்ப்பு! (மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1980களிலேயே உருவாக்கிவிட்டார்.)

சொல்வதெழுதுதலுக்கு ஒரு நிரல் எழுதுவதாகக் கொள்வோம். பத்துப் பாயிண்டர்கள் கொண்ட ஓர் அணி. பாயிண்டர் என்பது சொல்லன்று. சொல் இருக்கும் இடத்தின் முகவரி. முதலாம் ஆண்டுச் சொற்கள் முடிந்ததும் அதே அணியில் ஆறாம் ஆண்டுச் சொற்களை ஏற்ற வேண்டும்.

ஒருவன் எல்லா அறைகளிலும் 'நல்' என்று இட்டு, துடைத்துவிட்டதாக எண்ணுகிறான். முகவரித் தாளைக் கிழித்தால் வீடு காலியாகுமா? சொற்கள் நினைவகத்திலேயே கிடக்கும்; அவற்றை அடையும் வழிதான் போய்விடும்.

இன்னொருவன் 'பால்' இருந்த இடத்தின் மேலேயே 'தம்போய்' என்று எழுதுகிறான். நம் இலக்கணப்படி பால் 2 எழுத்து, தம்போய் 4 எழுத்து. யூடிஎஃப்-8 முறையில் கணக்கு வேறு. ப, துணைக்கால், ல, புள்ளி என 4 குறிகள். குறிக்கு 3 பைட். இறுதிச் சுழியுடன் 13. தம்போய்க்கோ 7 குறிகள், 22 பைட். மிஞ்சிய 9 பைட் பக்கத்தில் இருப்பதை அழித்துவிடக்கூடும். ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் எழுதினால் 6 எழுத்துக்கு 7 பைட்தான். அங்கே எழுத்தை எண்ணினாலும் ஏறக்குறைய பொருந்திவிடுவதால் பிழை ஒளிந்துகொள்கிறது.

ஒவ்வோர் அறையாகச் சென்று, மாலோக் தந்த இடத்தை ஃப்ரீ கொண்டு திருப்பிக் கொடுத்த பிறகே அவ்வறையில் நல் இட வேண்டும். சொல்லெண்ணிக்கை சுழியாகட்டும். அணி அப்படியே இருக்கலாம்; அதுதான் மறுபடி பயன்படுகிறது. அடுத்த சொல்லுக்கு, ஸ்ட்ர்லென் சொல்லும் அளவோடு ஒன்றைக் கூட்டிப் புதிய இடம் கேட்க வேண்டும். நிரலுக்குள்ளேயே மேற்கோளிட்டு எழுதிய சொல்லுக்கு ஃப்ரீ கூடாது. அது மாலோக் தந்ததன்று.

"பைத்தான் இருக்க இத்தொல்லை எதற்கு?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. பைத்தான் இவ்வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறது, உண்மைதான். ஆனால், பரவலாகப் பயன்படும் பைத்தானே சி மொழியில் எழுதப்பட்டது. அந்த அடித்தளத்தில் வேலை செய்யத் தமிழறிந்த பிள்ளைகளும் வேண்டாமா?

ஆறு ஆண்டுகளுக்குமான சொல்வதெழுதுதல் பட்டியல்கள் நம் கையில்தான் உள்ளன. பழைய மாணவர்கள் கேட்டால் கொடுங்கள், ஆசிரியர்களே. 'ஸ்கூடாய்' என்ற சொல்லையும் மறவாமல் சேருங்கள். அதற்கு எத்தனை பைட் என்று அவர்களே எண்ணிச் சொல்லட்டும்.