வியாதி ஒன்று, நியாயம் இரண்டா?

"ஆப்பிரிக்கக் குழந்தைகள் புற்றுநோயில் சாவதற்கு அறியாமைதான் காரணம். மந்திரவாதியிடம் ஓடுகிறார்கள், காலங்கடந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், பாதி வைத்தியத்தில் போய்விடுகிறார்கள்." இது கனதனவான்களின் தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைச் சற்று உரசிப் பார்ப்போம், தோழர்களே!

பர்க்கிட் லிம்போமா என்று ஒரு புற்றுநோய். நோயை எதிர்க்க வேண்டிய ரத்த வெள்ளணுவிலேயே பிறப்பது. பணக்கார நாடுகளில் இது அபூர்வம். பூமத்திய ரேகையை ஒட்டிய ஆப்பிரிக்காவிலோ குழந்தைகளைத் தாக்கும் புற்றுநோய்களில் முன்வரிசையில் நிற்கிறது. தாடை வீங்கும், பல் ஆடும், கண் பிதுங்கும். சில பிள்ளைகளுக்கு வயிற்றில் கட்டி. கட்டியின் அணுக்கள் ஏறக்குறைய ஒரே நாளில் இரட்டிக்கும். ஒரு வாரம் தள்ளிப்போனால் போவது ஒரு வாரமா? உயிரே போகும்!

1957-ல் உகாண்டாவில், கம்பாலா நகரத்து முலாகோ ஆஸ்பத்திரியில், டெனிஸ் பர்க்கிட் என்ற சர்ஜன் இந்த வீக்கத்தைக் கவனித்தார். எந்தெந்த ஊரில் இது உண்டு என்று விசாரித்து 1961-ல் பழைய மோட்டாரில் 10,000 மைல் சுற்றினார். நல்ல மனிதர்; அவரோடு நமக்குச் சண்டையில்லை. அந்தப் பிள்ளைகளின் கட்டித் துண்டுகள் விமானமேறி லண்டன் போயின. 1964-ல் எப்ஸ்டீன், அச்சாங், பார் என்ற மூவர் அதில் ஒரு வைரஸைக் கண்டார்கள். மனிதனின் புற்றுநோயோடு தொடர்புள்ளதாகக் கண்ட முதல் வைரஸ் அது! ஓயாத மலேரியாவும் அந்த வைரஸும் கைகோக்கும் மண்ணில்தான் இந்த வியாதி மிகுதி என்பதும் தெரிந்தது. சைக்ளோபாஸ்பமைட் என்ற ஒற்றை மருந்திலேயே சில பிள்ளைகள் பிழைத்ததை 1960-களில் கம்பாலாவே கண்டது.

உலக விஞ்ஞானத்துக்கு உகாண்டாப் பிள்ளைகள் கொடுத்தது இவ்வளவு. அவர்களுக்குத் திரும்பி வந்தது என்ன?

பணக்கார நாட்டில் இன்று இந்த நோய் கண்ட குழந்தைகளில் 100-க்கு 90 பேர் பிழைக்கிறார்கள். முற்றிய நோய்க்கும் ரிடக்ஸிமாப் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது, 3 ஆண்டுகளுக்குப் பின் 100-க்கு 95 பேர் உயிரோடிருந்தனர் என்று 2020-ல் அறிவித்தார்கள். வியாதி பிறந்த மண்ணிலோ, பல இடங்களில் பாதிப்பேர்கூடத் தேறுவதில்லை!

மருந்து மட்டும் போதாது என்பதும் உண்மை. கட்டி வேகமாகக் கரையும்போது அதன் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். நரம்பில் நீர் ஏற்ற வேண்டும். கடுமையான மருந்து வெள்ளணுவை அழிக்கும். ரத்தம் வேண்டும், பரிசோதனைச் சாலை வேண்டும், இரவிலும் கண்விழிக்கும் நர்ஸ் வேண்டும். இவை இல்லாத ஆஸ்பத்திரியில் டாக்டர் என்ன செய்வார்? பிள்ளை தாங்காதே என்று அஞ்சி மருந்தைக் குறைப்பார். நோய் திரும்பி வரும். இதில் மந்திரவாதி எங்கே வந்தான்?

"பாதியில் போகிறார்கள்" என்கிறீர்களே, ஏன் போகிறார்கள்? மருந்து பல சுற்று, மாதக்கணக்கு. ஒரு பிள்ளையோடு தாய் பட்டணத்தில் கிடந்தால், மற்றப் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றுவது யார்? களை எடுப்பது யார்? நடவுக் காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்ட நம் கூலிப் பெண்ணுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, 1990-களில் உலக வங்கியின் உபதேசம் கேட்டு அந்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் வசூலித்தார்கள். 2001-ல்தான் அது ரத்தாயிற்று. ஏழையை வாசலில் நிறுத்திவிட்டு, அவன் உள்ளே வரவில்லை என்று குற்றம் சாட்டுவது என்ன நியாயம்?

வெள்ளையர் ஆண்ட நாளில் உகாண்டாப் பருத்தி கடல் தாண்டி லங்காஷயருக்கும் பம்பாய் மில்களுக்கும் வந்தது. பஞ்சு மூட்டைக்கு வழி இருந்தது. வீங்கிய தாடையோடு கிடந்த பிள்ளைக்கு வழி இல்லை.

பிள்ளைகளின் புற்றுநோயில் 2030-க்குள் 100-க்கு 60 பேரையாவது பிழைக்க வைப்பதென்று 2018-ல் உலக சுகாதார ஸ்தாபனம் இலக்கு வைத்தது. அதில் பெயர் சொல்லிக் குறித்த ஆறு வியாதிகளில் பர்க்கிட் நோயும் ஒன்று. இலக்கு நல்லதே. கிராமத்துத் தாய்க்குப் பஸ் சார்ஜ், ஆஸ்பத்திரி அருகே தங்க ஓர் இடம், தடையில்லாத மருந்து, ஊர் முழுக்கக் கொசுவலை: இவற்றுக்குப் பணம் கொடுப்பது யார்? அதைச் சொல்லட்டும் கனதனவான்கள்!