‘பல்லுதானே!’

போன மாசியில் என் சித்திக்கு மேல்வரிசைக் கோரைப்பல் வீங்கிக்கொண்டது. காலையில் உதட்டோரம் லேசாக இருந்த வீக்கம், பொழுது சாயும்போது கண்ணுக்குக் கீழே வரை ஏறிவிட்டது. பல் டாக்டரிடம் போகலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன். சித்தி தறிக்குழியை விட்டு எழவே இல்லை. “மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்டா. கண்ணு போச்சுன்னா இந்தச் சரிகை இழையை யாரு பாக்கறது, நீயா?” பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்த சித்தப்பா தலையை நிமிர்த்தாமலே தீர்ப்புச் சொன்னார்: “பல்லுதானே! கிராம்பை வெச்சு அழுத்து, தானா அடங்கும்.”

கண்ணமங்கலத்திலும் பக்கத்து ஒண்ணுபுரத்திலும் ஆரணிப் பட்டு நெய்கிற வீடுகளில் இந்த இரண்டு வாக்கியங்களும் தறிச் சத்தம் மாதிரி. யாரும் காது கொடுப்பதில்லை, ஆனால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். நான் சண்டைக்கு நிற்பது இரண்டாவது வாக்கியத்தோடு. முதலாவது அது பெற்ற பிள்ளை என்பதால் அதை முதலில் பார்த்துவிடலாம்.

மூளையிலிருந்து புறப்படும் நரம்புகள் 12 ஜோடி. பார்வைக்கு உரியது அதில் இரண்டாவது. பல்லுக்கு உணர்ச்சி கொடுப்பது ஐந்தாவது. இரண்டுக்கும் தொழிலும் வேறு, பாதையும் வேறு. ஆனால் அந்த ஐந்தாவது நரம்பின் ஒரு கிளை கண்குழிக்கு அடியில் ஓடித்தான் மேல்தாடைக்கு வருகிறது. அதனால் மேல்பல் வலித்தால் கண்ணும் சேர்ந்து வலிக்கிற மாதிரி இருக்கும். போதாததற்கு, பல்லைப் பிடுங்கிக்கொள்கிற நாற்பது, ஐம்பது வயதுக்கு மேல்தான் வெள்ளெழுத்தும் கண்புரையும் வருகின்றன. பல் போன வருஷமே கண்ணும் மங்கினால் பழி பல் டாக்டர் மேல் விழுவதில் ஆச்சரியம் இல்லை. கண்ணை வைத்துப் பிழைக்கிற ஊரில் இந்தப் பயம் இன்னும் ஆழமாக வேர் விட்டிருப்பதும் எனக்குப் புரிகிறது.

ஆனால் உண்மை தலைகீழாக இருக்கிறது. அழுகின மேல்பல்லை அப்படியே விட்டுவைத்தால் அதன் சீழ் முகத்து ரத்தக் குழாய்கள் வழியாகக் கண்குழிக்கும், அதற்குப் பின்னால் இருக்கும் மூளையின் ரத்தப் பாதைக்கும் ஏறக்கூடும். அபூர்வம்தான், ஆனால் ஏறினால் பார்வையும் போகலாம், உயிரும் போகலாம். ஆக, கண்ணுக்குப் பயந்து பல்லைப் பொத்தி வைத்திருப்பவர்தான் கண்ணைப் பணயம் வைக்கிறார். அன்றைக்குச் சித்தி என்னோடு வரவில்லை. மருந்துக் கடையில் கேட்டு வாங்கின மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பல் அங்கேயேதான் இருந்தது.

இனி சித்தப்பா. அவருக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். காலில் ஒரு முள் குத்தினால் போதும், அடுத்த வேலூர் பஸ்ஸில் இருப்பார். தினமும் படுக்கப் போகுமுன் விளக்கடியில் உட்கார்ந்து விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்ப்பார். சர்க்கரைக்காரன் காலில் புண் வந்தால் என்ன ஆகும் என்பதை அவர் தெருவிலேயே பார்த்தவர். அதே மனிதர் காலையில் பல் விளக்கித் துப்பும்போது முற்றத்தில் சிவப்பாக விழும். தண்ணீரை ஊற்றி அலசிவிட்டுப் போய்விடுவார்.

இதைத்தான் நான் கேட்கிறேன்: காலில் கசிந்தால் புண், வாயில் கசிந்தால் மட்டும் ‘பல்லுதானே’யா?

ஈறு நோய் முற்றினவர் வாயில் ஈறு பல்லை விட்டு விலகி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஒரு பை உண்டாகிறது. அந்தப் பைகளின் உட்பக்கம் முழுக்க ரணம். எல்லாப் பைகளையும் விரித்துப் பரப்பினால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதிகபட்சம் கிட்டத்தட்ட ஒரு தீப்பெட்டியின் முகம். தீப்பெட்டி அளவுக்குச் சித்தப்பாவின் உள்ளங்காலில் ஒரு புண், அதில் இரவும் பகலும் கோடிக்கணக்கில் கிருமிகள் மேய்கின்றன என்றால் வீடே அழுதிருக்கும். வாய்க்குள் இருப்பதால், வலிக்காததால், அது ‘பல்லுதானே’ ஆகிவிட்டது. பழைய ஆட்கள் இதற்குப் ‘பயோரியா’ என்று பெயராவது வைத்திருந்தார்கள். நாம் பெயரையும் தொலைத்துவிட்டு ‘வயசானா பல்லு ஆடத்தான் செய்யும்’ என்று ஆக்கிவிட்டோம். வயது பல்லை ஆட்டுவதில்லை. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரைவதால் ஆடுகிறது. கரைப்பது, அந்தப் பைக்குள் குடியிருக்கும் நுண்ணுயிர்களும் அவற்றோடு ஓயாமல் சண்டை போடும் நம் உடம்பும்.

அந்தக் குடிகளை முதலில் பார்த்தவர் ஒரு துணி வியாபாரி என்பதை நெசவாளர் ஊரில் சொல்லாமல் விட முடியாது. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்து லேவன்ஹுக், துணியின் இழையை ஆராய வில்லைக் கண்ணாடி பிடிக்கிற தொழிலில் இருந்தவர். 1683-இல் தன் பல்லிடுக்கிலிருந்து மாவு போன்ற அழுக்கைச் சுரண்டி எடுத்து, தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, உயிருள்ள சிறு பிராணிகள் நெளிவதாக லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்க்கிறவர் அவர். உப்புத் தேய்த்தால் எல்லாம் தீர்ந்தது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மனித வாய்களில் சுமார் 700 வகை பாக்டீரியாக்கள் இருப்பதாக இன்று கணக்கு. ஒவ்வொருவர் வாயிலும் இதில் ஒரு பகுதி குடியிருக்கும்.

இந்தப் புண்ணுக்கும் சர்க்கரைக்கும் இருக்கும் உறவு கொடுக்கல் வாங்கல். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் ஈறு நோய் வேகம் பிடிக்கிறது. ஈறில் ஓயாத அழற்சி இருந்தால் அதன் ரசாயனங்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை, சர்க்கரை மேலும் ஏறுகிறது. ஈறு நோயைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று 1993-லேயே எழுதிவிட்டார்கள். ஈறுக்கு ஒழுங்காக வைத்தியம் செய்தால் மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையில் சராசரியாக 0.4 புள்ளி அளவுக்கு இறங்குகிறது என்று, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை 2022-இல் சொன்னது. சின்ன எண்தான். ஆனால் ஒரு புள்ளி இறக்க மாத்திரையோடும் நடையோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று 2023-இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொல்கிறது, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பதினான்குக்கு மேல். மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது, 2021-இலிருந்து அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் கொண்டுவந்து கொடுக்கிறது. நல்ல காரியம். மாத்திரையை நீட்டுகிற கை, “பல் விளக்கும்போது ரத்தம் வருதா?” என்று ஒரு கேள்வியையும் சேர்த்து நீட்டினால் என்ன செலவு?

இங்கே நான் எதிராளியின் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் என் பக்கத்திலும் அளப்பவர்கள் உண்டு. வாயைச் சுத்தம் செய்தால் மாரடைப்பு வராது, மறதி நோய் வராது, புற்றுநோய் வராது என்று விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். இதில் உறுதியானதும் இருக்கிறது, ஊகமும் இருக்கிறது. வாயிலிருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ரத்தத்தில் ஏறி, ஏற்கெனவே பழுதான இதய வால்வில் ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும் என்பது உறுதி. செயற்கை வால்வு வைத்தவர்களுக்குப் பல் பிடுங்கும் முன் மருந்து கொடுப்பது இதனால்தான். மாரடைப்பு விஷயத்தில், ஈறு நோயும் இதய நோயும் சேர்ந்தே காணப்படுகின்றன, ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்று நிரூபணமாகவில்லை என அமெரிக்க இதயச் சங்கம் 2012-இல் சொன்னது. ஈறுக் கிருமி ஒன்றை ஆல்ஸைமர் நோயாளிகளின் மூளையில் கண்டதாக 2019-இல் ஒரே பரபரப்பு. அதற்கு எதிராகச் செய்த மருந்து 2021-இல் பரிசோதனையில் தோற்றது.

பல்லே சகலத்துக்கும் மூலம் என்று நம்பினால் என்ன நடக்கும் என்பதையும் உலகம் பார்த்திருக்கிறது. வில்லியம் ஹன்டர் என்ற லண்டன் மருத்துவர் 1910-இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஆற்றிய உரைக்குப் பிறகு, வாயில் ஒளிந்திருக்கும் சீழ்தான் தீராத நோய்களுக்குக் காரணம் என்ற கொள்கை பற்றிக்கொண்டது. மூட்டுவலி என்று போனவர்களுக்கெல்லாம் பல்லைப் பிடுங்கினார்கள். அமெரிக்காவின் ட்ரென்டன் மனநோய் மருத்துவமனையில் ஹென்றி காட்டன் என்பவர் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கி, குணமாகவில்லை என்று டான்சிலை எடுத்து, அப்புறம் குடலையும் வெட்டினார். பலர் செத்தார்கள். இந்த அமர்க்களம் அடங்கினபோது மருத்துவ உலகம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, வாயைப் பற்றிப் பேசுவதையே குறைத்துக்கொண்டது. ‘பல்லுதானே’ என்பது என் சித்தப்பா மட்டும் கண்டுபிடித்த தத்துவம் இல்லை. 1840-இல் பால்டிமோரில் பல்லுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கின நாளிலிருந்தே டாக்டர் வேறு, பல் டாக்டர் வேறு. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகளைப் புரட்டிப் பாருங்கள்: விபத்தில் உடைந்தால் ஒழிய, பல் உடம்பில் சேராது.

இன்னொரு கூட்டம், கிருமி என்றாலே கொல் என்கிறது. விளம்பரங்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கொல்வதாகப் பெருமை அடிக்கின்றன. அத்தனையையும் ஏன் கொல்ல வேண்டும்? கீரையிலும் பீட்ரூட்டிலும் இருக்கும் நைட்ரேட்டை நம் உடம்பால் தானாகப் பயன்படுத்த முடியாது. நாக்கின் பின்பக்கம் வசிக்கும் சில பாக்டீரியாக்கள்தான் அதை மாற்றிக் கொடுக்கின்றன. அதிலிருந்து உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு ரத்தக் குழாயைத் தளர்த்துகிறது. லண்டனில் ஆரோக்கியமான 19 பேர் ஒரு வாரம் குளோர்ஹெக்சிடின் மருந்தால் வாய் கொப்பளித்ததில் அவர்களுடைய ரத்த அழுத்தம் இரண்டு, மூன்று புள்ளி ஏறியது என்று 2013-இல் ஓர் ஆய்வு வந்தது. சின்ன ஆய்வு. அந்த மருந்து தேவைப்படுகிற நாட்களும் உண்டு, டாக்டர் சொன்னால் சொன்ன நாள்வரை கொப்பளிக்கத்தான் வேண்டும். ஆனால் பெட்டிக்கடையில் சோப்பு வாங்குகிற மாதிரி வாங்கி வருஷம் முழுக்க ஊற்றிக்கொள்வது, களை எடுக்கிறேன் என்று நாற்றையும் பிடுங்குகிற வேலை.

பல்லில் படிந்த நாள்பட்ட காரையைச் சுரண்டி எடுப்பதைப் பற்றி நம் ஊரில் வேறொரு கதை ஓடுகிறது: ‘க்ளீன் பண்ணினா பல்லு ஆடிப்போகும்.’ இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே ஆடியிருக்கும். பத்து வருஷமாகச் சேர்ந்த காரை, சுவரிலே சிமெண்டு அப்பின மாதிரி பல்லையும் பல்லையும் ஒட்டிப் பிடித்திருக்கும். அடியில் எலும்பு கரைந்துபோனது தெரியாது. காரையை எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, ஆட்டம் தெரிகிறது, தண்ணீர் பட்டால் கூசுகிறது. பழைய சுவரில் காரை பெயர்ந்ததும் செங்கல் ஆடினால் கொத்தனாரையா அடிப்பீர்கள்? ஆனால் டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை: எடுக்கும் முன்னாலேயே “ஆடும், காரணம் இது” என்று சொல்லியிருந்தால் இந்த வதந்தி பாதியாவது செத்திருக்கும்.

பிள்ளைத்தாய்ச்சி பல் வைத்தியமே பார்க்கக் கூடாது என்பதும் இந்த வகைதான். 2006-இல் அமெரிக்காவில் 823 கர்ப்பிணிகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வில், ஈறு வைத்தியம் குறைப்பிரசவத்தைக் குறைக்கவில்லை. தாய்க்கும் குழந்தைக்கும் கெடுதலும் செய்யவில்லை, ஈறு மட்டும் தேறியது. ஆறு மாதம் பல் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை.

இவ்வளவு எழுதிவிட்டு, எங்கள் தெருவை முட்டாள்களின் தெரு என்று நான் சொல்லிவிட்டேனோ என்று சங்கடமாக இருக்கிறது. ‘பல்லுதானே’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு விலைப்பட்டியல் இருக்கிறது. புடவை அறுத்துக் கொடுத்தால்தான் கூலி. ஒரு நாள் தறி நின்றால் அந்த நாள் போனது போனதுதான். வேர் சிகிச்சைக்கும் பல்மேல் மாட்டும் தொப்பிக்கும் சில ஆயிரம், அதற்கு நாலைந்து தடவை நடை. பிடுங்குவதற்குச் சில நூறு, ஒரே தடவை. எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? கட்டுப்படியாகாததை ‘தேவையில்லாதது’ என்று சொல்லிக்கொண்டால் மனசுக்குக் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. பட்டுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைக்க முடியாது, பொறி பட்டால் புடவை போச்சு. அதனால் தூக்கத்தையும் அலுப்பையும் விரட்ட வெற்றிலை, பாக்கு, புகையிலை. 2013-இல் குட்காவுக்குத் தடை வந்தது. கடவாயில் ஒதுக்குகிற பழக்கத்துக்குத் தடை வரவில்லை. வெளியே போய் பீடி குடிப்பவருக்கு இன்னொரு வஞ்சனை: நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்குவதால் ஈறு கெட்டிருந்தாலும் ரத்தம் வராது, எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும்.

இந்த ஊரில் பாவில் ஓர் இழை அறுந்தால் யாரும் ‘இழைதானே’ என்று விடுவதில்லை. தறியை நிறுத்தி, முனையைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் அடுத்த மிதி.

சித்திக்குப் பங்குனியில் மறுபடியும் வீங்கியது. இந்தத் தடவை வலி தாங்காமல் தானே வண்டியில் ஏறினார். ஏறுமுன் தறிமேல் துணியைப் போர்த்திவிட்டு, “கண்ணு மங்கிச்சுன்னா மீதி நாலு முழம் நீதான் நெய்யணும்” என்றார். பல்லை எடுத்தாயிற்று. வீடு வந்ததும் பஞ்சைக் கடித்தபடி தறியருகே குனிந்து, ஒரு கண்ணை மூடி ஒரு தரம், மறு கண்ணை மூடி ஒரு தரம் சரிகையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, குழியில் இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

சித்தப்பா தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: “ஏம்பா, அந்த டாக்டரு சர்க்கரைக்கும் பாப்பாரா?”