பீரோவில் பூட்டிய போன்

மாணவரின் பையில் செல்போன் சிக்கினால் பள்ளியில் அடுத்து என்ன நடக்கும் என்பது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். போன் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போகும். மறுநாள் அப்பாவோ அம்மாவோ ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வந்து நிற்பார்கள். இனி இப்படி நடக்காது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனைத் திருப்பிக் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளை இரவு எத்தனை மணி வரை விழித்திருந்தது, யார் அனுப்பிய செய்திக்குப் பயந்து வகுப்பு வரை போனைக் கொண்டுவந்தது என்ற கேள்வி மட்டும் அந்த அறையில் எழுவதே இல்லை.

உலகெங்கும் இப்போது தடைகளின் காலம். பிரான்ஸ் 2018-லேயே பள்ளிகளில் செல்போனுக்குத் தடை போட்டது. நெதர்லாந்து 2024 ஜனவரியிலும் பிரேசில் 2025-லும் அந்த வழிக்கு வந்தன. ஆஸ்திரேலியா இன்னும் ஒரு படி மேலே போய், 16 வயது நிரம்பாதவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதையே 2025 டிசம்பர் 10 முதல் தடுத்திருக்கிறது. மீறினால் அபராதம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அல்ல, நிறுவனத்துக்கு; 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை.

தடையால் பயனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நெதர்லாந்தில் பள்ளிகளிடம் கருத்துக் கேட்டபோது, சுமார் முக்கால்வாசிப் பள்ளிகள் மாணவர்களின் கவனம் கூடியிருப்பதாகக் கூறின. பாடம் நடத்த அது போதும். மனநலத்தின் கணக்கோ வேறு. இங்கிலாந்தில் பர்மிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பள்ளிகளில் 1,227 மாணவர்களை ஆராய்ந்து, லான்செட் குழும இதழ் ஒன்றில் 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். போனைத் தடுத்த பள்ளி, அனுமதித்த பள்ளி இரண்டிலும் மாணவர்களின் மனநலத்தில் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால், ஒரு நாளில் போனிலும் சமூக ஊடகத்திலும் கழிகிற மொத்த நேரம் கூடியவர்களிடம் மனநலமும் தூக்கமும் மோசமாகவே இருந்தன. பகலில் பள்ளி பிடித்துவைத்த நேரத்தை இரவில் வீடு விட்டுவிடுகிறது.

நம் ஊருக்கு இது நன்றாகவே பொருந்தும். இங்கே பெரும்பாலான பள்ளிகளில் மாணவர்களுக்குப் போன் ஏற்கெனவே தடைதான். நாட்டின் கிராமப்புறங்களில் நடந்த ‘ஏசர்’ (ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை) 2024 ஆய்வின்படி, 14 முதல் 16 வயது வரையுள்ளவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஸ்மார்ட்போனை இயக்கத் தெரியும். அவர்களில் ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்பு தொடர்பாக அதைப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம். சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம்.

இந்தப் போன் பல வீடுகளுக்குள் எப்படி வந்தது? கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக, நகையை அடகு வைத்து வாங்கிய குடும்பங்கள் உண்டு. வாங்கச் சொன்னது பள்ளிதான். வகுப்புகள் கட்டடத்துக்குத் திரும்பிய பிறகும் வாட்ஸ்அப் குழு திரும்பவில்லை. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, நாளைக்கு என்ன கலர் உடை என்பது வரை இரவு ஒன்பது மணிக்கும் அதில்தான் வருகிறது. “மிஸ் ஹோம்வொர்க் அனுப்பியிருக்காங்க” என்று அம்மாவிடமிருந்து வாங்கிய போன், வீட்டுப்பாடத்தை எழுதி முடித்ததும் ரீல்ஸ் பக்கம் போகாமல் இருக்குமா? வீட்டுப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, பள்ளி முடியும் முன் டைரியில் குறிக்கவைக்கும் பழைய வழக்கத்துக்குத் திரும்ப அரசாணை எதுவும் தேவையில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. லைக்குகளுக்காக ஏங்காதே என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேசும் பள்ளியே, பிள்ளைகளை ஆடவிட்டு ரீல் எடுத்து இன்ஸ்டாகிராமில் போட்டு, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. சேர்க்கைக் காலத்தில் இது இன்னும் அதிகம். 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். மாணவர்களின் முகத்தைப் பதிவேற்றும் முன் எத்தனை பள்ளிகள் பெற்றோரைக் கேட்கின்றன? பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்லும் முன் பள்ளி தன் இன்ஸ்டா பக்கத்தை ஒருமுறை திருப்பிப் பார்ப்பது நல்லது.

அறிவுரையால் எவ்வளவு நடக்கும் என்பதிலும் மிதமிஞ்சிய நம்பிக்கை வேண்டாம். பிரிட்டனில் 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு, எல்லோருக்கும் ஒரே மாதிரியாக மனஒருமைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வந்த முடிவு: வழக்கமான வகுப்புகளைவிட அதனால் கூடுதல் பலன் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை யாரையாவது அழைத்துவந்து மைக்கைக் கொடுக்கும் நம்மூர் ‘விழிப்புணர்வு நிகழ்ச்சி’ அதைவிட அதிகம் சாதித்துவிடும் என்று நம்ப முகாந்திரம் இல்லை.

பள்ளியால் மட்டுமே செய்யக்கூடியது வேறொன்று. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் படத்தை யாரோ ஆபாசமாக மாற்றி, பணம் கேட்டு மிரட்டுவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் சொன்னால் போன் போகும். சில வீடுகளில் படிப்பே நின்றுபோகும், கல்யாணப் பேச்சு தொடங்கிவிடும். பள்ளியில் சொன்னாலோ “உன்னை யாரு போன் வெச்சுக்கச் சொன்னது?” என்பதுதான் முதல் கேள்வி. அவள் வாயை மூடிக்கொள்வாள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதான். உண்மையில் இப்படி மிரட்டுவது போக்சோ சட்டத்தின்கீழ் வரும் குற்றம். தெரியவந்ததும் காவல் துறைக்குச் சொல்ல வேண்டியது அச்சட்டத்தின் 19-வது பிரிவுப்படி கடமை. எத்தனை ஆசிரியர்களுக்கு இது தெரியும்? போன் வைத்திருந்ததற்கான தண்டனையையும், போன் வழியாக வந்த துன்பத்தையும் தனித்தனியாகப் பார்க்கப் பள்ளி பழக வேண்டும். தானாக வந்து சொல்லும் பிள்ளைக்குத் தண்டனை இல்லை என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

பேச்சை மாணவிகளோடு நிறுத்திக்கொள்வதும் சரியல்ல. படத்தை மாற்றி அனுப்பியவன் சில நேரம் அதே பள்ளியின் மாணவனாகவே இருக்கிறான். ஆன்லைன் விளையாட்டில் அப்பாவின் பணத்தைத் தொலைத்துவிட்டு விழிக்கிறவனும் ஒரு மாணவன்தான்.

யாரிடம் சொல்வது? அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ புகார்ப் பெட்டி இருக்கிறது. அதைத் தவறாமல் திறந்து பார்க்கும் கையும் வேண்டும். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தந்த வழிகாட்டுதல்களில், 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற மனநல ஆலோசகர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்றது. சிறிய பள்ளிகள் வெளியே உள்ள மனநல நிபுணர்களோடு தொடர்பு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும் என்பதும் அவற்றில் உண்டு. ஆலோசகரை நியமிக்கப் பணம் இல்லை என்பது அரசுக்கும் தனியார் பள்ளிக்கும் எளிதில் கிடைக்கும் பதில். ஸ்மார்ட் வகுப்பறைத் திரைக்குப் பணம் இருக்கும்போது இந்தப் பதில் எடுபடாது.

அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கோ பெற்றோர் கூட்டத்துக்கோ போகிறவர்கள் மதிப்பெண் பட்டியலோடு மூன்று கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். இந்தப் பள்ளியின் ஆலோசகர் யார்? மாலை ஆறு மணிக்குப் பிறகு வகுப்புக் குழுவில் செய்தி அனுப்புவதை எப்போது நிறுத்துவீர்கள்? மனநல உதவிக்கு 14416, குழந்தைகள் உதவிக்கு 1098, இணையக் குற்றப் புகாருக்கு 1930 என்ற எண்கள் பிள்ளைகளின் கண்ணில் படும் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றனவா?