வாடியதும் கெட்டதும் ஒன்றல்ல

பத்து நாள்கள் நோயாளியின் படுக்கையருகே இருந்துவிட்டு வீடு திரும்புகிறவர், சமையலறையில் முதலில் திறந்து பார்ப்பது குளிர்சாதனப் பெட்டியைத்தான். உள்ளே சுருங்கிய கேரட், துவண்ட பீன்ஸ், மஞ்சளித்த கீரை. மருத்துவச் செலவால் கையிருப்பு கரைந்திருக்கும் நேரம். காசு கொடுத்து வாங்கியதைக் குப்பையில் கொட்ட மனம் வருவதில்லை. நோயாளிக்குக் கொடுக்கலாமா என்ற அச்சமும் விடுவதில்லை. “இதை இன்னும் சமைக்கலாமா?” என்று எங்களிடம் கேட்பவர்கள் பலர். வாடிய காய் பெரும்பாலும் உண்ணத்தக்கதே. கெட்ட காய் யாருக்கும் ஆகாது என்பதே எங்கள் கருத்து.

வாடுதல் என்பது முதன்மையாக நீரிழப்பு. சுருங்கிய கேரட்டையும் முள்ளங்கியையும் குளிர்ந்த நீரில் சிறிது நேரம் இட்டுவைத்தால் அவை மீண்டும் விறைப்புப் பெறுவதைக் காணலாம். நார்ச்சத்தும் தாது உப்புகளும் வாடிய காயிலும் ஏறத்தாழ அப்படியே இருக்கின்றன. குறைவது வைட்டமின் சி போன்ற சில சத்துகள்தாம். பசலைக்கீரை குளிர்சாதனப் பெட்டியில் இருந்தாலும் ஒரு வாரத்தில் தன் வைட்டமின் சி-யில் பாதிக்கும் மேல் இழந்துவிடக்கூடும். அந்தக் குறையை ஒரு நெல்லிக்கனியோ கொய்யாப்பழமோ ஈடுசெய்துவிடும். காயே இல்லாத தட்டைவிட வாடிய காயுள்ள தட்டு மேலானது. சிறுநீரக நோயாளிகள் மட்டும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும்: காய் வாடியதால் அதிலுள்ள பொட்டாசியம் குறைந்துவிடுவதில்லை. மருத்துவர் வகுத்த கட்டுப்பாடு அதற்கும் பொருந்தும்.

கெடுதல் வேறு. தொட்டால் வழவழப்பு, புளித்த வாடை, கசியும் நீர், பூஞ்சை ஆகியவை அதன் அடையாளங்கள். கெட்ட பகுதியை நறுக்கி எறிந்துவிட்டு மீதியைச் சமைப்பது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். தக்காளி, வெள்ளரி போன்ற நீர்ப்பதம் மிக்க காய்களில் பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும் என்பதால், அங்கே அப்பழக்கம் உதவாது. ‘நன்றாகக் கொதித்தால் எல்லாம் சரியாகிவிடும்’ என்பாரும் உளர். கொதிநீரில் கிருமிகள் பல மடியும். அவை ஏற்கெனவே உண்டாக்கிவிட்ட நச்சுப்பொருள்களுள் சில வெப்பத்துக்கு அழிவதில்லை. பச்சை படிந்து முளைவிட்ட உருளைக்கிழங்கிலுள்ள சொலனினும் சமையலில் அழியாதது.

குளிர் கிருமிகளைக் கொல்வதில்லை. பெருக்கத்தை மெதுவாக்குகிறது, அவ்வளவே. பெட்டியின் உள்வெப்பநிலை 4 டிகிரி செல்சியசைத் தாண்டாதிருப்பது நல்லது. அந்தக் குளிரிலும் லிஸ்டீரியா என்னும் கிருமி பெருகும். கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றோர், கருவுற்ற பெண்கள், முதியோர் ஆகியோருக்கு அது கடும் நோயை உண்டாக்கவல்லது. ஆகவே இவர்களுக்கு நாள்பட்ட காயைப் பச்சடியாகவோ சாலடாகவோ பச்சையாகத் தர வேண்டாம். நன்கு கழுவி, முழுமையாக வேகவைத்துத் தாருங்கள். நறுக்கி நாள்பட வைத்த காய் இவர்களுக்கு வேண்டாம். மின்தடை 4 மணி நேரத்துக்கு மேல் நீடித்திருந்தால், நறுக்கிய காயையும் சமைத்த பண்டத்தையும் யாருமே உண்ணாதிருப்பது நல்லது.

இத்தனையும் அறிந்த வீடுகளிலும் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். புதிய காய் நோயாளிக்கு. பழையதும் கெடத் தொடங்கியதும் உடனிருப்பவருக்கு. பெரும்பாலும் அவர் வீட்டுப் பெண். “நான் எதையாவது சாப்பிட்டுக்கொள்கிறேன்” என்ற சொல்லில் அன்பு இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. வயிற்றுப்போக்கால் அவர் படுத்துவிட்டால், நோயாளிக்கு மருந்து கொடுப்பது யார்? கெட்டுப்போன அரைக் கிலோ தக்காளியைக் காப்பாற்றி அவர் உடலைச் செலவழிப்பதைச் சிக்கனம் என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

உண்மையான சிக்கனம் வாங்கும்போதே தொடங்குகிறது. சிகிச்சைக் காலத்தில் வாரத்துக்கும் சேர்த்து வாங்காமல், இரண்டு மூன்று நாள்களுக்கு மட்டும் வாங்குங்கள். கீரையை முதலிலும், பீன்ஸ், கத்தரி போன்றவற்றை அடுத்தும், கேரட், பீட்ரூட் போன்ற கிழங்கு வகைகளைக் கடைசியிலும் சமையுங்கள். மருத்துவமனைக்குப் புறப்படும் நாளில், பெட்டியில் உள்ளதை அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கையில் வாடியிருப்பவற்றைத் தயங்காமல் சாம்பாரில் இடுங்கள். ஐயத்துக்கு இடமானதை மட்டும் வெளியே எறியுங்கள். நோயாளியின் தட்டுக்கு ஆகாத கெட்ட காய் உங்கள் தட்டுக்கும் ஆகாது.