அமோனியா எங்கிருந்து வந்தது?

"காத்து, தண்ணி, கரண்ட் போதும், உரம் ரெடி" என்று ஆய்வுக்கட்டுரை வந்தால் நான் முதலில் தேடுவது, நைட்ரஜன்-15 சோதனை செய்தார்களா என்பதைத்தான். கிடைப்பது துளியூண்டு அமோனியா. அவ்வளவு நம்ம மூச்சுக்காத்துலயே இருக்கு! இங்கே புரொண்பிக்கு வடக்கே, லிங்பியில் உள்ள டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சோர்க்கென்டோர்ஃப் குழு 2019-ல் நேச்சர் இதழில் இதைப் போட்டு உடைத்தது. நம்பிக்கை தந்த தனி உலோக வினையூக்கிகள் எதுவும் தண்ணீரில் அமோனியா தரவில்லை. தேறியது லித்தியம் வழி, அதுவும் கரிமக் கரைப்பானில். 2023-ல் அதே குழு ஹைட்ரஜனை ஊட்டி 61 சதவீத ஃபாரடே திறனைக் காட்டியது. காசு போடுறதா இருந்தா இதுலதான் போடணும். லித்தியத்தைப் படிய வைக்கவே மின்சாரம் கொள்ளையாப் போகுதேன்னு கேட்பீங்க. போகுதுதான். ஆனா வர்ற அமோனியா நிஜம்.