நமக்கென்று ஒரு பட்டறை மேஜை

ஸ்டூலின் கால் ஆடுகிறது. இஸ்திரிப் பெட்டியின் பிளக் கழன்று தொங்குகிறது. பூந்தொட்டிக்கு மண் கலக்க வேண்டும். குழந்தையின் மூன்று சக்கர சைக்கிளுக்கு ஒரு நட்டு முடுக்க வேண்டும். இதையெல்லாம் நாம் எங்கே வைத்துச் செய்கிறோம்? சமையல் மேடையில் வைத்தால் அழுக்கு. சாப்பாட்டு மேஜையில் வைத்தால் கீறல். கடைசியில் தரையில் குந்தி உட்கார்ந்து, முதுகை வில்லாக வளைத்து, வேலை முடிந்ததும் "அம்மாடி!" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறோம்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. கார் ஷெட்டின் ஓரத்திலோ, பின்பக்கத் தாழ்வாரத்திலோ உறுதியான ஒரு மர மேஜை. தச்சுப் பட்டறையில் போட்டிருப்பார்களே, அந்த மாதிரி. "நாம போய் தச்சு வேலையா?" என்று சிரிக்காதீர்கள். அறுப்பதும் இழைப்பதும் ஆசாரியின் வேலை. எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது நம் வேலை. அதைச் சொல்லத் தெரியாவிட்டால், கனமான மரத்தில், கணிசமான செலவில், ஆடுகிற மேஜை ஒன்று வந்து சேரும்!

யாருடைய உயரம்?

எங்கள் வீட்டு மேஜைக்கு அளவெடுக்க வந்த ஆசாரி, டேப்பை நீட்டிக்கொண்டு நேராக இவரிடம் போனார்.

"ஆசாரி, அதுல வேலை செய்யப்போறது நான். என் உயரத்துக்கு அளங்க" என்றேன்.

"ஐயா உயரத்துக்குப் போட்டாத்தானேம்மா பார்வையா இருக்கும்?"

"பார்வைக்கு உள்ளே வேற மேஜை இருக்கு. இது முதுகு வலிக்காம இருக்கிறதுக்கு."

இவர் சிரித்துக்கொண்டே பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இது வீம்பு இல்லை, சகோதரிகளே. மேஜை தாழ்ந்திருந்தால் முதுகு வளையும். உயர்ந்திருந்தால் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்வோம். கழுத்தும் தோள்பட்டையும் பிடித்துக்கொள்ளும். நாற்பதைத் தாண்டிய நம்மில் பலருக்கு இருக்கிற வலியில் பாதி, நம் அளவுக்குச் செய்யாத சாமான்களோடு பழகியதால் வந்ததோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அளவெடுப்பது சுலபம். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நில்லுங்கள். கையைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, முழங்கையை மடியுங்கள். தரையிலிருந்து முழங்கை வரை டேப் வைத்துப் பாருங்கள். துணி வெட்டுவது, பிளக் மாட்டுவது, சாமான் பிரிப்பது போன்ற லேசான வேலைக்கு மேஜை முழங்கைக்கு 2 முதல் 4 அங்குலம் கீழே இருக்க வேண்டும். அழுத்திச் செய்கிற வேலைக்கு, அதாவது அறுப்பது, இடிப்பது போன்றவற்றுக்கு, 8 அங்குலமாவது கீழே இருந்தால்தான் உடம்பின் பாரம் கைக்கு உதவும். கண்ணுக்குக் கிட்டே வைத்துச் செய்கிற நுணுக்கமான வேலைக்கு முழங்கையை விட 2 அங்குலம் மேலே வேண்டும்.

எனக்கு முழங்கை உயரம் 38 அங்குலம். மேஜையை 34 அங்குலத்தில் நிறுத்தினேன். அறுக்கிற வேலை வந்தால் அகலமான, ஆடாத பலகை ஒன்றைத் தரையில் போட்டு ஏறி நின்றுகொள்கிறேன். வீட்டில் இரண்டு பேர் சம அளவு வேலை செய்வதானால் உயரமானவர் அளவுக்கு மேஜையைச் செய்து, மற்றவருக்கு இப்படி ஒரு பலகை வைத்துவிடலாம்.

ஆடாமல் இருப்பதன் ரகசியம்

கால் தடிமனாக இருந்தால் மேஜை ஆடாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். காலித் தீப்பெட்டியை எடுத்து, உள்பெட்டியை உருவிவிட்டு, வெளிக்கூட்டை விரலால் பக்கவாட்டில் தள்ளுங்கள். சப்பென்று சாய்ந்துவிடும். உள்பெட்டியை மறுபடி செருகிவிட்டுத் தள்ளுங்கள். அசையுமா? அட்டை அதே அட்டைதான். குறுக்கே ஒரு தடுப்பு வந்ததும் சதுரம் சாய முடியாமல் போய்விட்டது.

மேஜையும் அப்படித்தான். நான்கு காலும் மேலே ஒரு பலகையும் மட்டும் என்றால், எவ்வளவு தடித்த மரமானாலும் நாளடைவில் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். எனவே மூன்று விஷயங்களை ஆசாரியிடம் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, பலகைக்கு அடியில் கால்களைச் சுற்றி நாலங்குல அகலச் சட்டம். அதே மாதிரி தரையிலிருந்து ஆறு அங்குலத்துக்கு மேல் இன்னொரு சுற்றுச் சட்டம். ஆறு அங்குலம் இருந்தால் கால் விரல் உள்ளே போக இடம் இருக்கும். மேஜையை ஒட்டி நிற்கலாம். அந்தச் சட்டத்தின் மேல் ஒரு காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டால் இடுப்புக்கும் சுகம்.

இரண்டாவது, சட்டத்தைக் காலில் வெறும் ஆணியடித்து நிறுத்தக்கூடாது. காலில் துளை போட்டு, சட்டத்தின் முனையை நாக்கு மாதிரி செதுக்கி, பசை தடவி உள்ளே இறக்க வேண்டும். வாடகை வீட்டுக்காரர்கள் வாஷர் வைத்த போல்ட்டு நட்டுப் போட்டுக்கொள்ளலாம். தளர்ந்தால் முடுக்கலாம், வீடு மாறும்போது கழற்றி எடுத்துப் போகலாம்.

மூன்றாவது, தீப்பெட்டியின் பாடம். பின்பக்கம் மேல் சட்டத்திலிருந்து கீழ்ச் சட்டம் வரை 12 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றைக் கால்களோடும் சட்டத்தோடும் சேர்த்து நெருக்கமாக முடுக்கிவிடுங்கள். முழுப் பலகை வேண்டாம் என்றால் மூலைக்கு மூலை ஒரு சாய்வுக் கட்டை. சதுரத்தைச் சாய்க்கலாம், முக்கோணத்தைச் சாய்க்க முடியாது. ஓட்டுக் கூரையைத் தாங்குகிற மரங்களை அண்ணாந்து பார்த்தால் இது புரியும்.

மரக்கடைக்குப் போகுமுன்

மரம் கன அடிக் கணக்கில் விற்கிறது. கடைக்காரர் மளமளவென்று ஏதோ எழுதித் தொகையைச் சொல்வார். நாம் தலையை ஆட்டுவோம். கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நீளத்தை அடியிலும், அகலத்தையும் கனத்தையும் அங்குலத்திலும் எடுத்துக்கொண்டு மூன்றையும் பெருக்குங்கள். 144-ஆல் வகுங்கள். அவ்வளவுதான், கன அடி வந்துவிடும்.

அஞ்சடி நீளம், இரண்டடி அகல மேஜைக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றடி நீளத்தில் 3-க்கு 3 அங்குலக் கால்கள் நான்கு: 0.75 கன அடி. நாலரை அடி நீளத்தில் 4-க்கு ஒன்றரை அங்குலச் சட்டம் நான்கு: இன்னொரு 0.75. ஒன்றே முக்கால் அடியில் அதே சட்டம் நான்கு: ஏறக்குறைய 0.29. ஒன்றரை அங்குலக் கனத்தில் மேல் பலகை: 1.25. மொத்தம் சுமார் 3 கன அடி. சேதாரத்துக்கு அரை கன அடி சேர்த்துக்கொள்ளுங்கள். இழைக்கிறபோது கனத்தில் கால் அங்குலம் வரை குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தத் துண்டுச் சீட்டோடு கடைக்குப் போய்ப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி இருக்கும்!

என்ன மரம்? தேக்குதான் வேண்டும் என்பதில்லை. வேம்பு நல்ல பலம்; பூச்சியும் எளிதில் அண்டாது. வேங்கை உறுதிக்குப் பேர் போனது. ஆனால் ஈரம் பட்டால் பழுப்புச் சாயம் விடும், வெள்ளைத் துணி வைக்கிற இடத்துக்கு ஆகாது. மாமரம் மலிவு, ஆனால் சீக்கிரம் பூச்சி பிடிக்கும். என்னைக் கேட்டால், பழைய வீடு இடித்த மரம் விற்கிற கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள். பல வருஷம் காய்ந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரம் அங்கே கிடைக்கும். குண்டூசித் துளைகளும் அதிலிருந்து மாவு மாதிரித் தூளும் விழுந்தால் வேண்டாம். பழைய ஆணி ஒன்றுகூட மிச்சமில்லாமல் பிடுங்கிய பிறகே வாள் வைக்கச் சொல்லுங்கள்.

மேல் பலகைக்கு பிளைவுட் போடுவதானால் 19 மில்லிமீட்டர் பலகை இரண்டைப் பசை தடவி ஒன்றன்மேல் ஒன்றாக முடுக்கினால் ஒன்றரை அங்குலம் வந்துவிடும். எட்டடிக்கு நாலடி தாள் ஒன்றில் இந்த இரண்டும் கிடைத்து, கீழ்த் தட்டுக்கும் மிச்சம் இருக்கும். சாரல் அடிக்கிற இடமென்றால் ஐ.எஸ். 710 என்று முத்திரை உள்ளதைக் கேளுங்கள். அது தண்ணீருக்குத் தாங்கும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை மட்டும் வேண்டவே வேண்டாம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையில் எத்தனை அலமாரிகள் ஊறி உப்பிக் குப்பைக்குப் போயின!

மரப் பலகையே போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஐப்பசி மழையில் வாசல் கதவு இறுகிக்கொண்டு, கோடையில் தளர்கிறது அல்லவா? மரம் அகலவாக்கில் ஈரத்துக்கு விரியும், வெயிலுக்குச் சுருங்கும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. பலகையை நாலா பக்கமும் அசையாதபடி இறுக்கினால் ஒரு கோடையில் வெடித்துவிடும். ஸ்குரூ போகிற துளையை அகலவாக்கில் கொஞ்சம் நீட்டி விட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பலகை மூச்சு விட இடம் கிடைக்கும்.

ஷெட்டில் நிறுத்தும்போது

தண்ணீர் வடிவதற்காக ஷெட்டின் தரை சரிந்திருக்கும். மேஜையைப் போட்டு, மேலே ரசமட்டமோ, இல்லாவிட்டால் தட்டில் தண்ணீரோ வையுங்கள். மட்டம் வரும்வரை கால்களுக்கு அடியில் மரச் சில் கொடுங்கள். பிறகு ஒரு சிறு கட்டையைத் தரையில் படுக்கவைத்து, அதன்மேல் பென்சிலை வைத்துக்கொண்டு நான்கு காலையும் சுற்றிக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டில் அறுத்தால் அதே இடத்தில் கச்சிதமாக உட்காரும். இதற்காகக் காலை முதலிலேயே ஓர் அங்குலம் நீளமாக விடுவது நல்லது.

மரம் தண்ணீரை அதிகம் உறிஞ்சுவது வெட்டு முனையில்தான். எனவே காலின் அடிப்பகுதிக்கு இரண்டு கை பெயின்ட் அடித்து, கடப்பைக்கல் துண்டின் மேல் நிறுத்துங்கள். சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். கரையான் மண் கோடு போட ஆரம்பித்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

குழந்தைகள் இருக்கிற வீடு

மேஜையின் மூலைகளை வட்டமாக இழைத்துவிடுங்கள். ஓடி விளையாடுகிற பிள்ளைகளின் நெற்றிக்கு நேரே இருக்கும். உளி, வாள், பிளேடு எல்லாம் கைக்கெட்டாத உயரத்தில் பூட்டுப் போட்ட பெட்டியில் இருக்கட்டும். உப்புத்தாள் போடும்போது மூக்கில் துணி கட்டுங்கள், சின்னக் குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். மரத்தூள் நெஞ்சுக்கு ஆகாது. வார்னிஷும் தின்னரும் அடிக்கிற இடத்தில் கர்ப்பிணிகள் நிற்க வேண்டாம். மின்சாரத் துளை யந்திரம் எடுத்தால் முந்தானையைச் செருகி, பின்னலை முடிந்து, வளையலைக் கழற்றி வைத்த பிறகே சுவிட்சைத் தொடுங்கள்.

முக்கியமான இன்னொன்று. மேல் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்ப்பது நல்ல வழக்கம், மரமும் மினுங்கும். ஆனால் தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது உள்ளே சூடு உண்டாகும். சுருட்டிய துணியில் சூடு வெளியே போக வழியில்லாமல், நெருப்பே இல்லாத இடத்தில் தானாகத் தீப்பிடிக்கும். பெட்ரோல் வண்டி நிற்கிற ஷெட்டில் இது விளையாட்டு இல்லை. வேலை முடிந்ததும் துணியைத் திறந்த வெளியில், தரையில் விரித்துக் காயப் போடுங்கள். அல்லது வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள்.

எல்லாம் முடிந்து ஆசாரிக்குக் கூலி கொடுக்குமுன், மேஜையை இடுப்பால் ஒரு தரம் நன்றாக இடித்துப் பாருங்கள். அசைந்தால், "பின்னாடி பலகை இன்னும் நாலு ஸ்குரூ கேக்குது, ஆசாரி" என்று தயங்காமல் சொல்லுங்கள். அசையாவிட்டால் வாயாரப் பாராட்டிக் கூலியோடு நல்ல காபியும் கொடுங்கள். நல்ல ஆசாரி இந்தக் காலத்தில் லேசில் கிடைப்பதில்லை.

அடுத்த இதழில், இந்த மேஜைமேல் வைத்து நாமே செய்துகொள்ளக்கூடிய முதல் வேலை: ஆடுகிற ஸ்டூலின் காலை இறுக்குவது எப்படி என்று பார்ப்போம். அதற்குள் முழங்கை உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்!